வீடற்றோர் தொண்டமைப்பும் கலைக்களஞ்சியமும்: மேற்கோளுக்கு இடம் எங்கே?

வீடற்றவர்களுக்காக இயங்கும் ஒரு தொண்டமைப்பைப் பற்றிக் கலைக்களஞ்சியத்தில் கட்டுரை எழுதும்போது, சண்டை வருவது பெரும்பாலும் அமைப்பு தொடங்கிய ஆண்டிலோ கிளைகளின் எண்ணிக்கையிலோ அல்ல. இரண்டு மூன்று மேற்கோள்களில்தான் வரும். ஒருவர் இயக்குநர் பேட்டியில் சொன்னதை எடுத்துச் சேர்ப்பார். இன்னொருவர் 'இது விளம்பரம்' என்று நீக்குவார். மூன்றாமவர் வந்து, "நல்ல காரியம் செய்கிறவர்களைப் பற்றி நாலு நல்ல வார்த்தை இருந்தால் குடியா முழுகிவிடும்?" என்று கேட்பார்.

குடி முழுகாதுதான். ஆனால் அந்த நாலு வார்த்தை அங்கே என்ன வேலை செய்கிறது என்று கேட்டுப் பார்த்தால் விஷயம் அவ்வளவு எளிதாக முடிவதில்லை. ஒரு குளிர்பான நிறுவனத்தின் தலைவர் தன் பானத்தைப் புகழ்ந்து சொன்னதை யாராவது கட்டுரையில் வைத்தால் நமக்கு உடனே உறுத்தும். தொண்டமைப்பின் தலைவர் தன் அமைப்பைப் புகழ்ந்தால் உறுத்துவதில்லை. காரணம், நோக்கம் நல்லது. நோக்கத்தின் மேல் இருக்கும் மரியாதையால் வாக்கியத்தைச் சோதிக்காமல் விட்டுவிடுகிறோம். அதனால்தான் இந்தத் துறைக் கட்டுரைகளில் மேற்கோள் களைபோல் மண்டுகிறது.

தொடங்கும் முன் ஒரு தெளிவு. தமிழ் விக்கிப்பீடியாவில் கட்டுரையின் அடியில் தரும் ஆதாரப் பட்டியலுக்கும் 'மேற்கோள்கள்' என்றுதான் தலைப்பு இருக்கும். இங்கே நான் பேசுவது அதைப் பற்றியல்ல. ஒருவர் பேசியதையோ எழுதியதையோ இரட்டைக் குறிக்குள் அப்படியே எடுத்துவைப்பதைப் பற்றி. ஆதாரத்தைச் 'சான்று' என்றே சொல்லிக்கொண்டு போகிறேன்.

விதிகள் மேற்கோளைத் தடை செய்யவில்லை. ஆங்கில விக்கிப்பீடியாவின் நடைக் கையேடு, மேற்கோள்கள் கட்டுரைக்கு இன்றியமையாதவை என்று சொல்லிவிட்டு, அளவு மீறினால் அது கலைக்களஞ்சிய நடையாக இருக்காது, பதிப்புரிமைச் சிக்கலும் வரலாம் என்று எச்சரிக்கிறது. மேற்கோள் ஒவ்வொன்றுக்கும் அதே இடத்தில் சான்று தர வேண்டும் என்பது இன்னொரு விதி. கருத்தைச் செய்திபோல் எழுதாதே, யாருடைய கருத்து என்று சொல் என்பது நடுநிலைக் கொள்கையின் ஒரு பகுதி. சேர்ப்பவரும் நீக்குபவரும் இதே விதிகளைக் காட்டித்தான் வாதாடுகிறார்கள், இரண்டு பேர் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. ஆகவே விதி எண்ணைச் சொல்லி இந்த வழக்கை முடிக்க முடியாது. எடுத்த மேற்கோள் வாசகருக்கு என்ன தருகிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தால்தான் முடியும்.

இடம் பெற்றே தீர வேண்டிய ஒரு மேற்கோளிலிருந்து தொடங்குவோம்.

பேச்சே நிகழ்வாகும்போது

1954 பிப்ரவரி 1. பிரான்ஸ் கடுங்குளிரில் உறைந்து கிடந்தது. அபே பியேர் என்று அறியப்பட்ட பாதிரியார் ஆன்றி க்ரூவேஸ், ரேடியோ லக்ஸம்பர்க்கில் ஒரு வேண்டுகோளை வாசித்தார். ஐந்து ஆண்டுகளுக்கு முன், 1949-இல், வீடற்றோருக்கான எம்மாவுஸ் அமைப்பைத் தொடங்கியவர் அவர். வேண்டுகோளின் தொடக்கம் தமிழில் ஏறக்குறைய இப்படி வரும்: "நண்பர்களே, உதவுங்கள்! இன்று அதிகாலை மூன்று மணிக்கு, செபஸ்தபோல் பெருவீதியின் நடைபாதையில் ஒரு பெண் உறைந்து இறந்துபோனாள். முந்தாநாள் அவளை வீட்டைவிட்டு வெளியேற்றிய காகிதத்தை நெஞ்சோடு இறுக்கிப் பிடித்தபடி."

இந்த வாசகத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். ஒரு நேரம் இருக்கிறது, தெருவின் பெயர் இருக்கிறது, அந்தப் பெண்ணிடம் இருந்த ஒரு பொருள் இருக்கிறது. மனிதநேயம், கண்ணியம் போன்ற சொற்கள் இந்த வரிகளில் இல்லை. அவள் ஏன் தெருவில் இருந்தாள் என்ற கேள்விக்கு அந்தக் காகிதமே பதில் சொல்லிவிடுகிறது. அடுத்து அவர் கேட்டதும் அப்படித்தான்: 5,000 போர்வைகள், 300 பெரிய அமெரிக்கக் கூடாரங்கள், 200 அடுப்புகள். அதுவும் அன்று மாலைக்குள், மிஞ்சிப்போனால் மறுநாளைக்குள் வேண்டும் என்றார். எந்த ஓட்டலில் கொண்டுவந்து சேர்க்க வேண்டும் என்பதையும் சொன்னார்.

மக்கள் பணத்தையும் போர்வைகளையும் கொண்டுவந்து குவித்தார்கள். பத்திரிகைகள் அதைக் 'கருணையின் கிளர்ச்சி' என்று அழைத்தன. குளிர்காலத்தில் குடியிருப்பவரை வெளியேற்றுவதை நிறுத்திவைக்கும் சட்டம் 1956-இல் பிரான்சில் வந்தது. இன்றும் நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை அந்தத் தடை நடைமுறையில் இருக்கிறது. ஆக, எம்மாவுஸ் பற்றிய கட்டுரையில் இந்த வாசகம் இல்லையென்றால் கட்டுரையில் ஒரு ஓட்டை விழுந்துவிடும். 'அவர் வானொலியில் உருக்கமாக வேண்டுகோள் விடுத்தார்' என்று எழுதினால் என்ன சொன்னார், ஏன் ஊரே எழுந்து ஓடியது என்பது வாசகருக்குத் தெரியாமல் போகும். இங்கே பேச்சு ஒரு நிகழ்வு. அதைத் தேதியோடும் இடத்தோடும் பதிவு செய்வது போருக்கோ தேர்தலுக்கோ தேதி போடுவதைப் போன்றதுதான்.

மேலே இரட்டைக் குறிக்குள் இருப்பது என் மொழிபெயர்ப்பு. அவர் பேசியது பிரெஞ்சு. கலைக்களஞ்சியத்தில் இப்படித் தந்தால் மூல வாசகத்தையும் பக்கத்திலோ அடிக்குறிப்பிலோ தர வேண்டும். மொழிபெயர்ப்பு என்றும் சொல்ல வேண்டும். தமிழில் எழுதும்போது இதை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம். ஆங்கிலத்தில் ஒருவர் சொன்னதைத் தமிழாக்கி, அவர் வாயிலிருந்து தமிழே வந்ததுபோல் குறிக்குள் வைத்துவிடுகிறோம். எந்தச் சொல் அவருடையது, எது நம்முடையது என்று பிறகு யாராலும் பிரித்துச் சொல்ல முடிவதில்லை.

இப்போது இந்தக் கதையின் மறுபாதி. அபே பியேர் 2007-இல் இறந்தார். உயிரோடு இருந்தபோது பிரான்சில் மக்கள் மிகவும் நேசிப்பவர்கள் பட்டியலில் பலமுறை முதலிடத்தில் இருந்தவர். அவரைப் பற்றித் தலைவர்கள் சொன்ன புகழுரைகள் மூட்டை மூட்டையாக இருக்கின்றன. 2024 ஜூலையில், எம்மாவுஸ் அமைப்புகளும் அவர் பெயரிலிருந்த அறக்கட்டளையும் தாங்களே ஏற்பாடு செய்த விசாரணையின் அறிக்கையை வெளியிட்டன. அவர்மீது பாலியல் அத்துமீறல் புகார் கூறிய பெண்களின் சாட்சியங்கள் அதில் இருந்தன. அடுத்த மாதங்களில் சாட்சியங்கள் மேலும் வந்தன. அறக்கட்டளை தன் பெயரிலிருந்து அவர் பெயரையே எடுத்துவிட்டது. 2025 தொடக்கத்தில் வேறு பெயருக்கு மாறியது.

அவரைப் பற்றிய கட்டுரையில் புகழுரைகளை அடுக்கியவர்களின் நிலையை யோசித்துப் பாருங்கள். அந்த வரிகள் ஒவ்வொன்றும் இப்போது தலைவலி. நீக்கினால் வரலாற்றை மறைப்பதாகும், வைத்தால் பாதிக்கப்பட்டவர்களை அவமதிப்பதாகும். 1954 வேண்டுகோளுக்கு மட்டும் அந்தச் சிக்கல் இல்லை. அது நடந்தது, அதன் விளைவு இன்றும் சட்டத்தில் இருக்கிறது. பேசியவரின் குணத்துக்கான நற்சான்றிதழாக அதை யாரும் வைக்கவில்லை, அதனால் அவர் குணம் கேள்விக்குள்ளானபோதும் அது அங்கேயே நிற்கிறது. நிகழ்வாக நுழையும் மேற்கோளுக்கும் பாராட்டாக நுழையும் மேற்கோளுக்கும் உள்ள வேறுபாடு இதைவிடத் தெளிவாக வேறெங்கும் எனக்குத் தெரியவில்லை.

ஒரு பத்தியை அறுத்துப் பார்ப்போம்

எல்லா அமைப்புகளுக்கும் அப்படி ஒரு வானொலிப் பேச்சு வாய்ப்பதில்லை. கட்டுரைகளில் நாம் வழக்கமாகப் பார்ப்பது வேறு ரகம். மாதிரிக்கு நானே ஒன்றை எழுதுகிறேன். எந்த அமைப்பையும் மனதில் வைத்து அல்ல:

"வீடு என்பது வெறும் கூரையல்ல, அது மனிதனின் கண்ணியம். கடந்த ஆண்டு மட்டும் பத்தாயிரம் பேரின் வாழ்வில் ஒளியேற்றியிருக்கிறோம்" என்று அமைப்பின் தலைமைச் செயல் அலுவலர் நெகிழ்ச்சியுடன் தெரிவித்தார்.

முதல் வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். தவறில்லாத வாக்கியம், ஆனால் வீடற்றோருக்காக உழைக்கும் எந்த அமைப்பின் எந்த அலுவலரும் எந்த மேடையிலும் சொல்லக்கூடியது. வேறொரு அமைப்பின் பெயரை இதற்கு முன்னால் போட்டுப் பாருங்கள், கச்சிதமாகப் பொருந்தும். பெயரை மாற்றியும் பொருந்துகிறது என்றால் இந்த அமைப்பைப் பற்றி அது எதையும் சொல்லவில்லை என்றுதான் அர்த்தம். நீக்கினால் வாசகர் இழக்கும் தகவல் ஏதுமில்லை.

இரண்டாவது வாக்கியம் ஆபத்தானது, ஏனென்றால் அதில் தகவல் இருப்பதுபோல் தோன்றுகிறது. பத்தாயிரம் பேர். என்ன செய்தார்கள் அந்தப் பத்தாயிரம் பேருக்கு? ஒரு வேளை சூப் கொடுத்தார்களா, ஓர் இரவு படுக்கை கொடுத்தார்களா, நிரந்தர வீடு பிடித்துக் கொடுத்தார்களா, உதவி எண்ணில் அழைத்தவரோடு ஐந்து நிமிடம் பேசினார்களா? ஒரே ஆள் நூறு இரவு தங்கினால் அது ஒன்றா நூறா? 'ஒளியேற்றினோம்' என்ற சொல் இத்தனையையும் மூடிவிடுகிறது. எண் குறிக்குள் இருப்பதால் கட்டுரையாளருக்கும் பொறுப்பில்லை: 'நான் சொல்லவில்லையே, அவர் சொன்னார்.' சரிபார்க்க வேண்டிய எண்ணைச் சரிபார்க்காமல் உள்ளே விட இதைவிட வசதியான வழி கிடையாது.

அந்த எண் உண்மையிலேயே முக்கியமென்றால் அதற்கு ஓர் இடம் இருக்கிறது. ஆண்டறிக்கை இருக்கும், தணிக்கை செய்த கணக்கு இருக்கும். இங்கிலாந்து, வேல்ஸ் அமைப்பென்றால் அறக்கொடை ஆணையத்தின் பதிவேட்டில் வரவு செலவு இருக்கும். அமெரிக்க அமைப்பென்றால் வருமான வரித்துறைக்கு அளிக்கும் படிவம் 990 இருக்கும். அங்கிருந்து எடுத்து, எத்தனை படுக்கைகள், எத்தனை வீடுகள், எந்த ஆண்டு என்று கட்டுரையாளரின் குரலிலேயே எழுதலாம். குறியும் வேண்டாம், அலுவலர் பெயரும் வேண்டாம்.

மூன்றாவது, 'நெகிழ்ச்சியுடன் தெரிவித்தார்.' நெகிழ்ந்தது யார் என்பதே சந்தேகம், பெரும்பாலும் கட்டுரையாளர்தான். மேற்கோளை எவ்வளவு உண்மையாகத் தந்தாலும் அதைத் தாங்கி நிற்கும் வினைச்சொல்லில் சார்பு ஒட்டிக்கொள்ளும். 'சுட்டிக்காட்டினார்' என்றால் அவர் சொன்னது உண்மை என்று நாம் ஒப்புக்கொண்டாயிற்று. 'ஒப்புக்கொண்டார்' என்றால் அவர் எதையோ மறைத்து வைத்திருந்தார். 'அம்பலப்படுத்தினார்', 'வேதனை தெரிவித்தார்', 'பெருமிதத்துடன் குறிப்பிட்டார்' எல்லாம் செய்தித்தாள் நடையிலிருந்து கலைக்களஞ்சியத்துக்குக் குடிபெயர்ந்தவை. 'சொன்னார்', 'கூறினார்', 'எழுதினார்' போதும். சலிப்பாக இருக்கும், இருக்கட்டும்.

எண் பேசும் மொழி

எண்களைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் வீடற்ற நிலையைப் போல் வரையறை மாறினால் எண் தலைகீழாகும் துறை குறைவு. இங்கிலாந்தில் 2024 இலையுதிர்காலத்தில் ஒரே இரவில் தெருவோரம் தூங்கியவர்களாக அரசு கணக்கிட்டது 4,667 பேர். அதே ஆண்டு டிசம்பரில் ஷெல்டர் என்ற தொண்டமைப்பு, இங்கிலாந்தில் வீடற்றிருப்போர் குறைந்தது 3,54,000 பேர் என்றது. ஒருவர் பொய் சொல்கிறார் என்று நினைக்கத் தோன்றும். இல்லை. முதல் கணக்கு நடைபாதையில் படுத்திருந்தவர்களை மட்டும் எண்ணியது. இரண்டாவதில் தற்காலிகத் தங்குமிடங்களில் வைக்கப்பட்டிருக்கும் குடும்பங்களும் குழந்தைகளும் பெரும்பங்கு.

ஐரோப்பாவில் இந்தத் துறை அமைப்புகளின் கூட்டமைப்பான ஃபியன்ட்சா 2005-இல் வகுத்த ஈதாஸ் என்ற பகுப்பில் நான்கு பெரும் பிரிவுகள் உண்டு: கூரையே இல்லாதவர்கள், கூரை இருந்தும் தமக்கென்று வீடில்லாதவர்கள், எப்போது வெளியேற்றப்படுவோம் என்று தெரியாத இடத்தில் இருப்பவர்கள், மனிதர் வாழத் தகுதியற்ற இடத்தில் இருப்பவர்கள். இவற்றில் எதுவரை கோடு போடுகிறோம் என்பதைப் பொறுத்து எண் பத்து மடங்கோ நூறு மடங்கோ மாறும்.

இந்தச் சூழலில் 'லட்சக்கணக்கானோர் வீடின்றித் தவிக்கிறார்கள்' என்று அமைப்பின் பேச்சாளர் சொன்னதைக் குறிக்குள் வைத்துவிட்டுப் போவது வாசகரை நட்டாற்றில் விடுவது. யார் எண்ணினார்கள், எந்த வரையறையில், எந்த இரவில் என்பது வேண்டும். அது பேச்சாளரின் வாசகத்தில் இருக்காது, இருக்க வேண்டிய கட்டாயமும் அவருக்கில்லை. அவர் வேலை கவனத்தை ஈர்ப்பது. அதில் தவறே இல்லை. விளக்கும் வேலை கட்டுரையாளருடையது, அதை மேற்கோளிடம் ஒப்படைத்துவிட்டு ஓய்வெடுக்க முடியாது.

தொடக்கக் கதைகளிலும் இதே தொல்லைதான். ஷெல்டர் தொடங்கியது 1966 டிசம்பர் 1. வீடிழந்த ஒரு குடும்பத்தைப் பற்றிப் பிபிசி ஒளிபரப்பிய, நாட்டையே உலுக்கிய நாடகம் வந்தது அதே ஆண்டு நவம்பர் 16. நாடகத்தைப் பார்த்துத்தான் அமைப்பு பிறந்தது என்று பலர் நினைக்கிறார்கள், பேட்டிகளிலும் அப்படிச் சொல்லக் கேட்கலாம். இரண்டு வாரத்தில் நாடு தழுவிய அமைப்பு ஒன்றைக் கட்டி நிறுத்த முடியாது. ஏற்பாடுகள் முன்பே நடந்துகொண்டிருந்தன. நாடகம் தந்தது கவனம். யாரோ நினைவிலிருந்து சொன்ன அழகான வாசகத்தைவிட இந்த இரண்டு தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது அதிகம் சொல்லும்.

சான்று பத்திரிகையில், சொற்கள் அமைப்பில்

'ஆனால் நான் அமைப்பின் இணையதளத்திலிருந்து எடுக்கவில்லையே, பெரிய நாளிதழில் வந்ததைத்தானே தந்தேன்' என்று ஒருவர் வாதாடலாம். பாதி சரி. சான்று நாளிதழுடையதுதான். சொற்கள்?

அமைப்பின் ஊடகப் பிரிவு ஒரு செய்திக்குறிப்பு தயாரிக்கும். அதில் தலைவர் சொன்னதாக ஒரு வாசகம் இருக்கும். பல நேரம் அதை எழுதியதே ஊடகப் பிரிவில் இருக்கும் ஒருவர். தலைவர் பார்த்துச் சரி என்றிருப்பார், அவ்வளவுதான். செய்திக்குறிப்பு பத்து நாளிதழ்களுக்குப் போகும். நேரமில்லாத துணை ஆசிரியர் அந்த வாசகத்தை அப்படியே போடுவார். கலைக்களஞ்சியக் கட்டுரையாளர் அதை எடுத்து, 'சுதந்திரமான ஊடகம்' என்று அடிக்குறிப்பு போடுவார். மூன்று கை மாறியும் வாசகம் மாறவில்லை. விக்கிப்பீடியாவின் விதிகள் இதைக் கவனித்திருக்கின்றன: ஓர் அமைப்புக்குத் தனிக் கட்டுரை தரும் அளவுக்கு முக்கியத்துவம் உண்டா என்று முடிவு செய்யும்போது, செய்திக்குறிப்பை ஒட்டி வந்த செய்திகளும் அமைப்பின் ஆட்களே பேசிய பேட்டிகளும் சுதந்திரமான சான்றாகக் கணக்கில் வருவதில்லை.

அமைப்பு தன்னைப் பற்றிச் சொன்னதை எடுக்கவே கூடாது என்பதல்ல. எப்போது தொடங்கினோம், தலைமையகம் எங்கே, எந்தப் பணியை நிறுத்தினோம் என்பதற்கெல்லாம் அதன் சொல்லே போதும். தன்னைத் தானே தூக்கிப் பிடிக்கும் கூற்றுக்குத்தான் போதாது.

'எங்கள் நோக்கம்', 'எங்கள் கனவு' என்ற பத்திகளை நேராக ஒட்டுவது இதன் மிகச் சோம்பேறித்தனமான வடிவம். நோக்க அறிக்கை யாரும் மறுக்க முடியாதபடி எழுதப்படுவது. அதனால்தான் அதில் தகவல் இருப்பதில்லை. கூடவே பதிப்புரிமை. விக்கிப்பீடியாவின் உரையை யாரும் எடுத்தாளலாம், விற்கவும் செய்யலாம், அப்படியான உரிமத்தில் அது வெளியாகிறது. அமைப்பின் துண்டறிக்கை அப்படியல்ல. இரண்டு பத்தியை ஒட்டி இருபுறமும் குறி போட்டுவிட்டால் மேற்கோளாகிவிடும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. பதிப்புரிமை பற்றிய பன்னாட்டு ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையின் 10-ஆம் பிரிவு மேற்கோளை அனுமதிக்கிறதுதான்: ஆக்கம் முறையாக வெளிவந்ததாக இருக்க வேண்டும், எடுத்தாள்வது நேர்மையான வழக்கத்துக்கு ஒத்திருக்க வேண்டும், நோக்கத்துக்குத் தேவையான அளவைத் தாண்டக் கூடாது, மூலத்தைச் சொல்ல வேண்டும். 'தேவையான அளவு' என்ற இடத்தில்தான் நோக்க அறிக்கைகள் தோற்கின்றன. தேவையே இல்லாததற்கு என்ன அளவு?

வாசகத்தைப் பெரிய எழுத்தில் கட்டம் கட்டி ஓரத்தில் வைப்பது பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அது வார இதழின் பக்க வடிவமைப்பு. படிக்காமல் புரட்டுபவரை நிறுத்துவதற்காக வந்தது.

விமர்சனத்துக்கும் இதே தராசு

இதுவரை புகழுரையை வெட்டச் சொன்னதைக் கேட்டு, விமர்சகர்களின் வாசகங்களை மட்டும் அடுக்கலாம் என்று யாராவது நினைத்தால் அதுவும் சாய்வுதான். 'இவர்கள் வறுமையை வியாபாரமாக்குகிறார்கள்' என்ற கோபமான வாக்கியமும் எந்த அமைப்பின் பெயருக்கு முன்னாலும் பொருந்தும்.

ஆனால் விமர்சனத்தில் சொற்களே வழக்காகிவிடும் இடங்கள் உண்டு. லண்டனில் 1969 முதல் இயங்கும் செயின்ட் மங்கோஸ் அமைப்பின் களப்பணியாளர்கள், தெருவில் தூங்கும் வெளிநாட்டவர் பற்றிய தகவல்களைக் குடியேற்ற அதிகாரிகளோடு பகிர்ந்தார்கள் என்று 2017-இல் குற்றச்சாட்டு எழுந்தது. அமைப்பு மறுத்தது. தெருவில் தூங்குவதையே காரணமாக வைத்து ஐரோப்பிய நாட்டவரை வெளியேற்றிய அரசின் கொள்கை சட்டவிரோதம் என்று அதே ஆண்டு டிசம்பரில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2019-இல், தன் சொந்த மறுஆய்வுக்குப் பிறகு, சில குழுக்கள் தகவல் பகிர்ந்திருந்ததை அமைப்பு ஏற்றுக்கொண்டது.

இதைக் கட்டுரையில் எழுதுபவர் மறுப்பையும் பின்னர் வந்த ஏற்பையும் தன் சொற்களில் சுருக்கினால் என்ன ஆகும்? 'முதலில் பொய் சொன்னார்கள்' என்ற தொனி வரலாம். அல்லது 'சிறு தவறு நடந்தது' என்ற தொனி வரலாம். மறுப்பில் துல்லியமாக எதை மறுத்தார்கள், ஏற்பில் துல்லியமாக எதை ஏற்றார்கள் என்பது இரண்டு அறிக்கைகளின் சொற்களில்தான் இருக்கிறது. அங்கே ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு வாக்கியத்தைத் தேதியோடு தருவது நேர்மை, வாசகர் தானே ஒப்பிட்டுக்கொள்வார். முன்பு சொன்ன வானொலிப் பேச்சுக்கு அடுத்தபடியாக மேற்கோளுக்கு உறுதியான இடம் என்று நான் கருதுவது இதை: சொற்களே சர்ச்சையாக இருக்கும்போது சொற்களையே காட்டுவது.

மூன்றாவது ஓர் இடமும் உண்டு, அரிதாக. மூலம் அழிந்துபோய், எடுத்தாண்ட துண்டு மட்டுமே மிஞ்சும் நிலை. நம் பழங்காப்பியங்கள் சில, பிற்கால உரையாசிரியர்களும் தொகுப்பாளர்களும் எடுத்துக்காட்டிய செய்யுள்களாக மட்டுமே இன்று நம் கையில் இருக்கின்றன. மூடப்பட்டுவிட்ட சிறு தொண்டமைப்பின் கூட்டக் குறிப்புகளுக்கும் அந்தக் கதி நேரலாம். ஆனால் அதைக் காப்பாற்ற வேண்டியது ஆவணக் காப்பகம். அழகான வாசகங்களைச் சேர்த்துவைக்க ஆசையென்றால் அதற்கென்றே 2003 முதல் விக்கிமேற்கோள் என்ற தனித் திட்டம் இருக்கிறது.

தெருவில் இருந்தவரின் குரல்

இனி வருவதுதான் உண்மையிலேயே கடினமானது. வெட்டு வெட்டு என்று வெட்டிக்கொண்டே போனால், வீடற்ற நிலையைப் பற்றிய கட்டுரையில் அதிகாரிகள், ஆணையங்கள், எண்கள் மட்டும் மிஞ்சும்; வீடற்றிருந்த ஒருவர்கூடப் பேச மாட்டார். இந்த எதிர்ப்பை நான் லேசாகத் தள்ள மாட்டேன். யாரைப் பற்றிய சேவையோ அவருக்கு அந்தச் சேவை எப்படி இருந்தது என்பது தகவல்தான்.

பிரச்சினை, அந்தக் குரல் நமக்கு எந்த வழியாக வருகிறது என்பது. தொண்டமைப்பின் நன்கொடைத் துண்டறிக்கையில் முதல் பெயர் மட்டும் போட்டு வரும் 'என் வாழ்க்கையையே மாற்றிவிட்டார்கள்' என்ற வாசகம், நூறு பேரிலிருந்து பொறுக்கியது. பெயர் மாற்றப்பட்டிருக்கலாம், படம் வேறொருவருடையதாக இருக்கலாம், வாசகத்தை அமைப்பே செப்பனிட்டிருக்கலாம். வெளியேறியவர்கள், திருப்பி அனுப்பப்பட்டவர்கள், விதிகளைத் தாங்காமல் மீண்டும் தெருவுக்கே போனவர்கள் அந்தத் துண்டறிக்கையில் வர மாட்டார்கள். அதோடு, உதவி பெற்றுக்கொண்டிருக்கும் ஒருவர் உதவி செய்பவரைப் பற்றி எவ்வளவு சுதந்திரமாகப் பேச முடியும்?

இன்னொன்று அந்தரங்கம். துண்டறிக்கைக்குச் சம்மதித்தவர், இருபது மொழிகளில் பிரதியாகி எந்தக் காலத்திலும் தேடலில் வந்து நிற்கும் பக்கத்துக்குச் சம்மதிக்கவில்லை. வேலைக்கு விண்ணப்பிக்கும் நாளில் தன் பெயரைத் தேடினால் போதைப் பழக்கத்தைப் பற்றிப் பத்து வருடத்துக்கு முன் சொன்ன வாக்கியம் முதலில் வருவதை யார் விரும்புவார்? விக்கிப்பீடியாவில் வாழும் நபர்களைப் பற்றிய கொள்கை கடுமையாக இருப்பது பிரபலங்களுக்காக மட்டுமல்ல.

என் முடிவு இது: அந்தக் குரல் வேண்டும், ஆனால் ஆய்வுகள் வழியாக வேண்டும். தங்குமிடங்களில் இருந்தவர்களை முறையாகப் பேட்டி கண்டு, எத்தனை பேர், எப்படித் தேர்ந்தோம் என்று சொல்லும் ஆய்வுகள் உண்டு. முதலில் வீட்டைக் கொடு, சிகிச்சையும் மற்றவையும் பிறகு என்ற அணுகுமுறையைக் கனடா 2009 முதல் 2013 வரை ஐந்து நகரங்களில் சுமார் 2,000 பேரிடம் சோதித்தது. எண்களோடு பங்கேற்றவர்களின் நேர்காணல்களும் அந்த ஆய்வின் பகுதி. அப்படியொரு ஆய்வில் குறிப்பிட்ட அமைப்பின் பணி இடம்பெற்றிருந்தால், அதிலிருந்து பெயரற்ற ஒரு வாக்கியம் துண்டறிக்கையின் பத்து வாசகங்களுக்கு ஈடு. நடைமுறையில் சிறு அமைப்புகளைப் பற்றி அப்படிப்பட்ட ஆய்வு இருப்பதில்லை என்பது உண்மை. அப்போது கட்டுரை சிறியதாக இருக்கும். சிறிய கட்டுரை குற்றமல்ல.

மேலே சொன்ன எதிலும் அடங்காமல் மிஞ்சும் ஒன்று, அமைப்பின் ஊழியர்களுடைய பங்கு. கட்டுரையில் மேற்கோளைச் சேர்ப்பவர் பல நேரம் அவர்களில் ஒருவர்தான். கெட்ட எண்ணம் எதுவும் இருக்காது, தங்கள் தலைவரின் பேச்சு நன்றாக இருந்தது, அவ்வளவுதான். சம்பளத்துக்கு வேலை செய்பவர் அதன் பகுதியாகத் தொகுத்தால் அதைத் தெரிவிக்க வேண்டும் என்பது 2014 முதல், விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியாவின் பயன்பாட்டு விதிகளிலேயே இருக்கிறது. கட்டுரையில் நேராகக் கை வைக்காமல் உரையாடல் பக்கத்தில், 'இந்த எண் பழையது, புதிய ஆண்டறிக்கை இங்கே' என்று எழுதினால் தொகுப்பவர்கள் எடுத்துக்கொள்வார்கள். தலைவரின் பேச்சுக்கு அமைப்பின் சொந்த இணையதளத்தில் இடமிருக்கிறது. கட்டுரையின் அடியில் அந்தத் தளத்துக்கு எப்படியும் ஓர் இணைப்பு இருக்கும்.